நெல்லை வீட்டில் ஆபீஸ் மேசை போடும் முறை

வீட்டிலிருந்து வேலை என்றதும் பலரும் முதலில் மேசை வாங்கப் போகிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டிய சாமான். முதலில் இடம், அப்புறம் நாற்காலி. இவை இரண்டும் முடிவானால்தான் மேசையின் உயரம் தெரியும். கடை மேசைகள் பெரும்பாலும் 30 அங்குலம். 17 அங்குல நாற்காலியில் உட்காரும் ஐந்தேகால் அடி ஆளுக்கு முழங்கை தரையிலிருந்து 25, 26 அங்குலத்தில்தான் இருக்கும். மிச்சம் நாலு அங்குலத்துக்கு நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே டைப் அடிக்க வேண்டியதுதான். சாயங்காலம் பிடரி பிடித்துக்கொள்வது இதனால்தான். தலையணையை மாற்றிப் பிரயோசனம் இல்லை.

இடத்துக்கு வருவோம். மேற்குச் சுவரை ஒட்டி மேசை போடாதீர்கள். மத்தியானம் ஏறிய சூடு அந்தச் சுவரிலிருந்து ராத்திரி வரை இறங்காது. மாடி அறையில் மேலே மொட்டைத் தளமும் சேர்ந்து காயும். பங்குனி முதல் வைகாசி வரையாவது வேலையைக் கீழே கொண்டுவந்துவிடுவது நல்லது. வளவு வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியது) என்றால் இரண்டு பக்கமும் பொதுச் சுவர், வெளிச்சம் முன்னாலும் பின்னாலும்தான் வரும். தார்சாவில், அதாவது வாசலை ஒட்டிய முன்பகுதியில், காற்று உண்டு, கூடவே தெருச் சத்தமும் புழுதியும் உண்டு. பட்டாசலில், அதாவது கூடத்தில், டிவி ஓடும், ஆள் நடமாட்டம் ஓயாது. முற்றம் உள்ள வீட்டில் அதை ஒட்டிய நிழல் பக்கம்தான் சரியான இடம்.

ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளக்கும், வீடியோ காலில் முகம் கறுத்துத் தெரியும். நேர் எதிரே இருந்தால் கண் கூசும். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்க ஜன்னல் நல்லது, எழுதும்போது கை நிழல் தாளில் விழாது. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பது நம் ஊருக்குப் பாதிதான் உண்மை. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதிவரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் அடிக்கும். ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் நண்பகலுக்குப் போதும்.

ஆனி, ஆடிக் காற்றுக்கு ஊருக்கு ஊர் வேறு ஏற்பாடு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் ஜன்னல் வழியே உள்ளே வரும். மேசையை இரண்டடி தள்ளிப் போட்டு, காகிதங்களை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பாளையங்கோட்டைக்கு வரும்போது அதே காற்று வறண்டு, புழுதியோடு வரும். லேப்டாப் விசிறியில் புழுதி அடைத்தால் சூடேறும், சூடேறினால் வேகம் குறையும். மிஷின் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் விசிறியைச் சுத்தம் செய்து பாருங்கள்.

நாற்காலியில் பின்னால் ஒட்டி உட்கார்ந்தால் இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ரெக்ஸின் நம் வெயிலுக்கு ஆகாது. முதுகு வலையாக இருப்பதை எடுங்கள். ரெக்ஸின் இருக்கை மேல் கோரைப்பாய்த் துண்டு விரித்தால் வியர்வை குறையும்தான், ஆனால் அது வழுக்கி இடுப்பு முன்னால் நகர்ந்துவிடும். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால், ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் கட்டிவிடுங்கள்.

இப்போது அளவு. பாதம் தரையில் முழுதாகப் பதிய உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். வீட்டில் யாரையாவது தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை அளக்கச் சொல்லுங்கள். அதில் கீபோர்டு கனத்துக்கு ஒரு அங்குலம் கழித்தால் வருவதுதான் உங்கள் மேசை உயரம். ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய அளவு அதுதான். 4 அடிக்கு 2 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட். 8க்கு 4 பலகை ஒன்றில் இப்படி நாலு மேல்பலகை வெட்டலாம் என்பதால் கால் பலகையே போதும், மீதித் துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பின் விளிம்புக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாளாவட்டத்தில் நடுவில் தொய்யும். டிராயர் வேண்டாம். 25 அங்குல மேசையில் பலகை கனம் போகத் தொடைக்கு மேலே ஓர் அங்குலம்தான் மிஞ்சும். டிராயர் வைத்தால் தொடை இடிக்கும்.

ஏற்கெனவே 30 அங்குல மேசை இருக்கிறதா? மரக்கால் என்றால் அறுத்துவிடலாம். இரும்புக்கால் என்றால் நாற்காலியை ஏற்றி, காலுக்கு மனைப்பலகை போடுங்கள். உயரம் போதாவிட்டால் அடியில் கட்டை வைத்து ஆணி அடிக்க வேண்டும். பாதம் தொங்கினால் தொடையடி மரத்துப் போகும்.

லேப்டாப்பைத் தனியாக வைத்து நிமிர்ந்து வேலை செய்ய வழியே இல்லை, கீபோர்டும் திரையும் ஒட்டியிருப்பதால் ஒன்று சரியானால் மற்றது தப்பாகும். வெளிக் கீபோர்டு, மவுஸ் வாங்கிக்கொண்டு, திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை உயர்த்துங்கள். தூரம் ஒரு கை நீளம். பைஃபோகல் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்தது) போடுபவர்கள் இன்னும் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், இல்லையென்றால் கழுத்தை அண்ணாந்தே இருப்பார்கள்.

கரண்ட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் 65 வாட், சீலிங் ஃபேன் 75, விளக்கு 20, ரவுட்டர் 10: மொத்தம் 170. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று, சேதாரம் போக, புதிதாக இருக்கும்போது ஆறு மணி நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் போகும் கரண்ட்டைச் சமாளித்துவிடலாம். பேட்டரி பழசானால் ஃபேனை மட்டும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிப் பாருங்கள், நல்ல வித்தியாசம் தெரியும்.

இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். டெஸ்க்டாப் வைத்திருந்தால் அது யூபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். சாதா நிலையில் கரண்ட் மாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி ஆன் ஆகும். ஆனால் யூபிஎஸ் நிலையில் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் தாழும் கிராமங்களில், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாவது இதனால்தான். லேப்டாப் மட்டும் என்றால் சாதா நிலையே போதும், அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறதே.

சார்ஜ் ஏறும்போது லேப்டாப் மேல் விர்ரென்று ஷாக் மாதிரி தெரிந்தால் பெரும்பாலும் எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பழைய வீடுகளில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோயிருக்கும். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் மேசைக்கு அடியில் திருகி மாட்டுங்கள். தரை கழுவும் தண்ணீருக்கே இது அவசியம். 2023 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸைச் செருகாதீர்கள்.

கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி தொடங்கும் முன்பே லேப்டாப், ரவுட்டர் பிளக் இரண்டையும் உருவி விடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் ஃபேஸ் மட்டும்தான் அறுபடும், நியூட்ரலும் எர்த்தும் இணைந்தேதான் இருக்கும். ரவுட்டரிலிருந்து மேசைக்கு லேன் வயர் இழுத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். இடியில் ரவுட்டர் அடி வாங்கினால் அதன் வழியாக லேப்டாப்பும் போகலாம்.