‘டமி’ என்று முடியும் ஆபரேஷன் பெயர்களைப் படிப்பது எப்படி?

டிஸ்சார்ஜ் சம்மரியில் வரும் நீளமான ஆபரேஷன் பெயரைக் கடைசியிலிருந்து படியுங்கள். டி, ஓ, எம், ஒய் என முடிந்தால் வெட்டு உண்டு. எப்படிப்பட்ட வெட்டு என்பது அதற்கு முந்தைய எழுத்துகளில் இருக்கிறது.

இ, சி இருந்தால் ‘எக்டமி’, அதாவது வெட்டி எடுத்துவிட்டார்கள். ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பை நீக்கம். வெறும் ஓ மட்டும் என்றால் திறந்தார்கள், அவ்வளவுதான். கிரேனியாட்டமி மண்டையோட்டைத் திறப்பது. ஓ, எஸ் சேர்ந்தால் ‘ஆஸ்டமி’, புதிதாக ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் ஸ்டோமா என்றால் வாய். கொலாஸ்டமியில் பெருங்குடலின் வாய் வயிற்றுத் தோலில் இருக்கும். கழிவு, வெளியே ஒட்டியிருக்கும் பையில் சேரும். அந்த எஸ் விடுபட்டால் கொலாட்டமி, அதாவது குடலில் கீறல் மட்டும். டாக்டர் கையெழுத்தில் இந்த எஸ்ஸைத்தான் முதலில் தேட வேண்டும்!

15 எழுத்துள்ள கோலிசிஸ்டெக்டமிக்கு மிரள வேண்டாம். கோலி பித்தம், சிஸ்ட் பை. ஆக, பித்தப்பை நீக்கம். முன்னால் உள்ள கோலி இல்லாவிட்டால் பொதுவாகச் சிறுநீர்ப்பை நீக்கம். ஆனால் ஓவேரியன் சிஸ்டெக்டமியில் எடுப்பது சினைப்பைக் கட்டியை மட்டுமே. அதனால் பக்கத்துச் சொல்லையும் சேர்த்துப் படியுங்கள்.

ஃபிளபாட்டமிக்குப் பயப்படாதீர்கள், ஊசியால் ரத்தம் எடுப்பதுதான்.