பள்ளிக்கூடத்துக்கு நம்ம ஊர் அரிசி: நான் செய்த தவறுகள்

போன மாதம் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து இரண்டு தம்பிகள் பார்க்க வந்தார்கள். ஊர்ப் பள்ளியில் வாரம் ஒரு நாளாவது பாரம்பரிய நெல்லில் சோறு போட வேண்டும் என்று ஆசை. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டார்கள், மாப்பிள்ளைச் சம்பா என்ற சிவப்பரிசி இரண்டு மூட்டை வாங்கியும் வைத்துவிட்டார்கள். "சமையலர் அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றேன்.

அனுமதி வாங்குவது, கை கழுவ வைப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே அண்டாவில் இரண்டு அரிசி

இதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி. எங்கள் பள்ளியில் 120 பிள்ளைகள், ஆக 12 கிலோ. முழுக்கச் சிவப்பு அரிசி போட்டால் பிள்ளைகள் மிரள்வார்கள் என்று நினைத்து, வழக்கமான புழுங்கலரிசி 6 கிலோ, மாப்பிள்ளைச் சம்பா 6 கிலோ என்று கலக்கச் சொன்னேன். எங்கள் சமையலர் அக்கா அப்போதே சொன்னார்: "ரெண்டும் ஒண்ணா வேகாது தம்பி. இத ராத்திரியே ஊற வச்சிருக்கணும்." நான் கேட்கவில்லை. ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள், உலை வைத்தாயிற்று, இன்று விட்டால் எப்போது என்று அவசரம்.

பன்னிரண்டரை மணிக்கு அண்டாவைத் திறந்தால் வெள்ளை அரிசி குழைந்து கூழாகிவிட்டது, சிவப்பு அரிசி பல்லில் நெறுநெறுவென்று நிற்கிறது. இன்னும் வேக வைக்க விறகும் இல்லை, நேரமும் இல்லை. பாதிச் சோறு தட்டிலேயே மிஞ்சியது. சில வீடுகளில் பகலில் அந்தப் பிள்ளை சாப்பிடுவது பள்ளிச் சோறு மட்டும்தான். அன்று அவர்கள் பசியோடு வீட்டுக்குப் போனார்கள். என் கைக்காசு போனது பெரிதில்லை. "செவப்புச் சோறு வேணாம்" என்று அந்தப் பிள்ளைகள் சொன்னது ஒரு வருடத்துக்கு மேல் மாறவில்லை.

தீட்டாத சிவப்பரிசியைத் தனி அண்டாவில்தான் வைக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே ஊற வேண்டும், தண்ணீரும் அதிகம் வேண்டும். ஊற வைக்கச் சாயங்காலம் யார் வருவது, கூடக் கொதிக்கும் நேரத்துக்கு யார் அடுப்படியில் நிற்பது? அந்தக் கூடுதல் வேலைக்குக் கூலி பேசாமல் மூட்டையைக் கொண்டுபோய் இறக்காதீர்கள்.

அப்புறம் நாங்கள் அவலில் தொடங்கினோம். சிவப்பரிசி அவல், வெல்லம், தேங்காய்த் துருவல். கொஞ்ச நேரம் ஊறினால் போதும். அடுத்து கஞ்சி. அதற்குப் பிறகு ஒரு முறை மட்டும் தீட்டிய அரிசிச் சோறு, வெள்ளைச் சோற்றோடு ஓரமாக ஒரு கரண்டி. இப்போது பிள்ளைகளே இன்னொரு கரண்டி கேட்கிறார்கள்.

அரிசியிலேயே தொடங்குவது

சத்துணவுக்கான அரிசி அரசிடமிருந்து வருகிறது. அதை மாற்றுவது கடினம். காய்கறி அப்படியில்லை, பக்கத்திலேயே வாங்குவதுதான். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்திலும் காய்கறி சாம்பார் இருக்கிறது. உங்கள் ஊர்க் கத்தரி, பூசணி, முருங்கைக்கீரைக்கு அங்கே இடம் உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்குக் கொடுக்கும் வாழைப்பழம் எங்கிருந்து வருகிறது என்றும் ஒரு முறை விசாரியுங்கள். திருவையாறு பக்கமெல்லாம் வாழைதானே.

ஐப்பசியில் பள்ளித் தோட்டத்துக்குப் பாத்தி போடுவது

நம்முடையது களிமண். வடகிழக்குப் பருவமழையில் கீரை விதை அழுகிவிடும். தை பிறந்த பிறகு விதையுங்கள்.

விவசாயிக்குப் பணத்தை இழுத்தடிப்பது

கூடாது. சரக்கு இறங்கிய அன்றே கொடுங்கள்.

வகுப்பில் சொற்பொழிவு

விவசாயத்தின் பெருமையை அரைமணி நேரம் பேசினேன். முன்வரிசைப் பெண் கொட்டாவி விட்டாள். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர். நாற்று முடிச்சு எப்படிக் கட்டுவது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன், எழுந்து நின்று கையால் கட்டிக் காட்டினாள். மற்ற பிள்ளைகளும் அவளைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டேன். விதை நெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி இன்னொரு நாள் வைத்தால் முளை வெடிக்கும். அதைப் பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும். கணக்கு வகுப்புக்கு மரக்காலும் படியும் உழக்கும் கொண்டு போங்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கம் நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதைகளை மீட்ட மறைந்த நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்லி வந்தார். ஆண்டுக்கு ஆண்டு அப்படியே இரட்டித்தால் பத்தாம் ஆண்டில் எவ்வளவு என்று கேட்டேன். மணி அடித்த பிறகும் மூன்று பேர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.