காட்டு நில உரிமை மாறிய ஊரில் என்ன கேட்பது, எதைப் பார்ப்பது

காட்டின் உரிமையை ஊருக்கோ வீடுகளுக்கோ மாற்றிக் கொடுக்கும் சீர்திருத்தம் நடந்த ஊர்களுக்குப் போய், அதனால் காடும் குடும்பங்களும் எப்படி மாறின என்று கணக்கெடுப்பது என் வேலை. கூட வரும் புதியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பேருக்குப் பட்டா வந்தது?" அது தாலுகா அலுவலகத்திலேயே கிடைக்கும் எண். ஊருக்குள் வேறு வேலை இருக்கிறது.

எந்த உரிமை கைமாறியது என்று முதலில் பிரித்து எழுதுங்கள். காட்டுக்குள் நுழைவது, விளைந்ததை எடுப்பது, நிர்வகிப்பது, மற்றவரைத் தடுப்பது, விற்பது என்று பொதுவளங்களை ஆராய்ந்த ஷ்லேகரும் எலினோர் ஆஸ்ட்ரமும் 1992-இல் ஐந்தாகப் பிரித்தார்கள். அதைவிட வசதியான பட்டியல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. நேபாளத்தின் 1993 வனச் சட்டம் நிலத்தை அரசிடமே வைத்து, பராமரிப்பையும் விளைச்சலையும் ஊர்ப் பயனாளர் குழுவுக்குக் கொடுத்தது. சீனா 2008-இல் நாடு முழுக்க விரித்த சீர்திருத்தம், கூட்டுடைமைக் காட்டை வீடுகளுக்குப் பிரித்து 70 ஆண்டு அனுபோகம் கொடுத்தது. ஆனால் மரம் வெட்ட அரசின் ஒதுக்கீடு வேண்டும். இந்தியாவின் 2006 வன உரிமைச் சட்டத்தில் தனி உரிமை 4 ஹெக்டேர் வரை. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. ஊர் மொத்தத்துக்குமான சமூக வன வள உரிமை தனி. எல்லாவற்றையும் "உரிமை கிடைத்தது" என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் அப்புறம் வரும் எந்த முடிவும் நிற்காது.

காட்டின் பரப்பு மாறியதைப் பார்க்க, லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் போதும். 2008 முதல் இலவசம். சீர்திருத்தத்துக்குச் சில வருடம் முன்னாலிருந்தே எடுங்கள். படத்தில் தைலமரத் தோப்பும் பச்சைதான், ரப்பரும் பச்சைதான், அதனால் நடந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும். விறகுக்கும் கிழங்குக்கும் போகும் பெண்களிடம், இப்போது எது கிடைப்பதில்லை என்று கேளுங்கள். பக்கத்துக் காட்டையும் விடாதீர்கள்: இங்கே பூட்டினால் வெட்டு அங்கே போயிருக்கும்.

வீடுகளில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும். "போன வருடம் காட்டிலிருந்து எவ்வளவு வருமானம்?" என்று கேட்டால் விற்றது மட்டும்தான் ஞாபகம் வரும். பருவத்துக்கு ஒருமுறை போய், வீட்டில் எரித்ததையும் தின்றதையும் சேர்த்துக் கேளுங்கள். 24 நாடுகளில் சுமார் 8,000 குடும்பங்களிடம் அப்படிக் கேட்ட ஆய்வில், மொத்த வருமானத்தில் 28 சதவீதம் காடு முதலான இயற்கைச் சூழலிலிருந்து வந்தது தெரிந்தது. அப்புறம் உரிமைச் சீட்டு வாங்காதவர்களைத் தேடுங்கள்: நிலமில்லாதவர், பருவத்துக்கு மட்டும் ஆடுமாடு ஓட்டி வருபவர். பொதுக்காடு துண்டாகும்போது முதலில் போவது இவர்கள் மேய்ச்சல்தான். பயனாளிப் பட்டியலில் இவர்கள் பெயரே இருக்காது. இந்தியச் சட்டம் மணமானவர்களுக்கு இருவர் பெயரிலும் உரிமை கொடுக்கச் சொல்கிறது. "சீட்டு எங்கே இருக்கு?" என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

இன்னொரு கேள்வியையும் நான் விடுவதில்லை: "பத்து வருடம் கழித்தும் இது உங்களிடம் இருக்குமா?" 1980-களில் சீனாவின் தென்பகுதியில் காட்டை வீடுகளுக்குப் பிரித்தபோது, மறுபடி பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் மரத்தை உடனே வெட்டினார்கள், 1987-இல் அரசு பிரிப்பதை நிறுத்தியது. தயக்கமான பதில் வருகிற ஊரில், மெதுவாக வளரும் மரத்தை யாராவது நட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக ஒப்பீடு. காடு ஏற்கெனவே நன்றாக இருந்த, தகராறில்லாத ஊரைத்தான் அதிகாரிகள் பெரும்பாலும் முதலில் எடுப்பார்கள். ஆகவே உரிமை மாறாத, அதே மாதிரி ஊர் ஒன்றையும் அளக்க வேண்டும். அதே காலத்தில் வேறு என்ன பணம் வந்தது என்றும் எழுதுங்கள். சரிவு நிலத்தில் மரம் நடச் சீனா 1999-இலிருந்தே குடும்பங்களுக்குப் பணமும் தானியமும் கொடுத்தது; நேபாள மலையூர்களுக்கு வளைகுடாவிலிருந்து சம்பளம் வருகிறது. இரண்டையும் கழிக்காமல் காடு வளர்ந்த புகழை உரிமைச் சீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.