ஸ்பின்னிங் ரீலை முழுவதும் கழற்றிச் சர்வீஸ் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

கடற்கரைத் தூண்டிலுக்குப் பயன்படும் 4000 என்ற அளவு எண் கொண்ட ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் கருவி) ஒன்றை முழுவதும் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து மீண்டும் பூட்டுவதற்கு, முதன்முறை செய்பவர் மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கை பழகிய பிறகு இதே வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். திருகாணி கழற்றும் வேகத்தால் இந்த நேரம் குறைவதில்லை. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதும், அவசரத்தில் தவறாகப் பூட்டியதைப் பிரித்து மறுபடியும் பூட்டுவதுமே புதியவரின் நேரத்தைத் தின்கின்றன. ஆகவே மறுநாள் காலை மீன்பிடிக்கப் போகவேண்டிய இரவில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

உப்பு நீரில் தொடர்ந்து பயன்படும் ரீலுக்கு ஆண்டுக்கொரு முறை இந்தச் சர்வீஸ் தேவை. ஏரி, குளங்களில் மட்டும் பயன்படுவது இரண்டு ஆண்டுகள்கூடத் தாங்கும். கைப்பிடியைச் சுற்றும்போது நறநறவென்று உராய்வு தெரிந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

முதல் படி: இடத்தைத் தயார் செய்தல் (15 நிமிடம்)

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அருகில் முட்டை அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் வரிசைப்படியே பாகங்களை அதன் குழிகளில் இட்டு வந்தால், பூட்டும்போது பின்னாலிருந்து எடுத்தாலே போதும். ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன்னர் கைபேசியில் ஒரு படம் பிடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கழற்றுதல் (40 நிமிடம்)

டிராக் குமிழ் (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியேற வேண்டும் என்பதை அமைக்கும் குமிழ்), ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை), கைப்பிடி, ரோட்டர் நட், ரோட்டர் (ஸ்பூலில் நரம்பைச் சுற்றும் சுழல் பாகம்), சைடு பிளேட் (பக்க மூடி) என்ற வரிசையில் கழற்றலாம். ரோட்டர் நட் அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். சில மாடல்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். சைடு பிளேட் திருகாணிகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கக்கூடும் என்பதால், ஓர் அட்டையில் பிளேட்டின் வடிவத்தை வரைந்து, அதே இடங்களில் அவற்றைக் குத்தி வையுங்கள்.

இங்கே மிகவும் கவனிக்க வேண்டியவை, காகிதம் போன்ற மெல்லிய ஷிம் வாஷர்கள். பழைய கிரீஸில் பேரிங்கோடு ஒட்டியோ, பிளேட்டின் உட்புறத்தில் படிந்தோ கிடப்பதால் அவை கண்ணுக்குத் தெரியாமலே தொலைந்துவிடும். கியர்கள் எவ்வளவு நெருங்கிப் பொருந்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அவையே; ஒன்று குறைந்தாலும், இடம் மாறினாலும், ரீல் இறுகும் அல்லது ஆட்டம் காணும். எந்தப் பக்கத்தில் எத்தனை ஷிம்கள் இருந்தன என்பதைத் தாளில் எழுதி வைப்பதே நல்லது.

டைவா நிறுவனத்தின் மேக்சீல்டு வகை ரீல்களில் நீர் புகாமல் தடுக்கும் காந்த எண்ணெய் அடைப்பு இருப்பதால், புதியவர்கள் அவற்றைப் பிரிக்காமல் சர்வீஸ் மையத்திற்கு அனுப்புவதே சரி.

மூன்றாம் படி: கழுவி உலர்த்துதல் (ஒரு மணி நேரம்)

கியர் முதலான உலோகப் பாகங்களைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல், மண்ணெண்ணெயில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். பிறகு சோப்பு நீரில் அலசித் துடைத்து உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சோப்பு நீர் மட்டும் போதும். டிராக் வாஷர்களை எதிலும் ஊறவைக்காமல் துணியால் துடையுங்கள். பேரிங்கை உலர்ந்த பிறகு ஒரு பென்சிலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். சொரசொரப்பாகச் சுற்றினால் அது மாற்ற வேண்டியது. அதன் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றையும், எடுத்துக்காட்டாக 7×14×5 மி.மீ. என்று, அளந்து கேட்டால் பேரிங் கடையில் கிடைக்கலாம். அப்போது வேலை மூன்று மணி நேரத்தில் முடியாது. பேரிங் கைக்கு வரும்வரை நீளும்.

நான்காம் படி: கிரீஸ் வைத்துப் பூட்டுதல் (ஒரு மணி நேரம்)

கியர் பற்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ், பேரிங்குகளுக்கு ஓரிரு சொட்டு ரீல் எண்ணெய், கார்பன் டிராக் வாஷர்களுக்கு டிராக் கிரீஸ். கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒன்வே பேரிங்கில் மட்டும் கிரீஸ் படவே கூடாது. பட்டால் அதன் உருளைகள் பிடிமானமின்றி வழுக்கும். நான் முதன்முதலில் செய்த சர்வீஸில் இதை அறியாமல் கிரீஸ் நிரப்பிவிட்டேன். மறுநாள் கோவளம் கடற்கரையில் பாரை கடித்து இழுத்த கணத்தில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரலில் அடித்தது. தூண்டில் நரம்பு தளர்ந்து மீனும் போய்விட்டது. அன்று மாலையே மீண்டும் முழு ரீலையும் பிரிக்க நேர்ந்தது.

சைடு பிளேட்டை மூடியதும், ரோட்டரைப் பொருத்துவதற்கு முன்பே கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் இறுக்கம் தெரிந்தால் ஷிம்களைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு தெரிந்தால் ஒரு மணி நேரம் வீணாகும். திருகாணிகளை அளவுக்கு மீறி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். இறுதியாக நரம்பைக் கையால் இழுத்து, டிராக் திக்கித் திணறாமல் சீராக விடுகிறதா என்று பார்த்துவிட்டு, குமிழைத் தளர்த்தி எடுத்து வையுங்கள்.