திரும்பிப் போகலாமா என்று யோசிப்பவர்தான் கேட்கிறார்: தைவான் ஆய்வாளர்களுக்கான வெபினார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டன், ஆக்ஸ்போர்டு, மியூனிக், டோக்கியோ என்று வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் தைவான் நாட்டு ஆய்வாளர்களுக்காக இணையத்தில் நடக்கும் உரைகளுக்கும் வேலைவாய்ப்பு வெபினார்களுக்கும் குறைவில்லை. இப்படிச் சேர்ந்துகொள்வது அவர்களுக்குப் பழைய வழக்கம். வட அமெரிக்கத் தைவானியப் பேராசிரியர்கள் சங்கம் 1980இலேயே தொடங்கிவிட்டது. இன்று இணையக் கூட்டங்களை நடத்துபவர்களில் பெரும்பாலானோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பகலில் ஆய்வகம், இரவில் போஸ்டர் வேலை. தைவான் பல்கலைக்கழகங்களில் படிக்கும், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) செய்யும் தமிழர்களுக்கும் இது தெரிந்த காட்சிதான். அவ்வளவு உழைப்பும் சில சின்னத் தவறுகளால் வீணாகிப் போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

கூட்டத்தில் பேர் போடாமல், கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டியவர், ஒருவேளை இரண்டாவது போஸ்ட்டாக்கில் இருப்பவர், ஊருக்குத் திரும்பலாமா இங்கேயே இருந்துவிடலாமா என்று முடிவு செய்ய முடியாமல் தவிப்பவர். அவரை மறந்துவிடுவதுதான் மூலத் தவறு. மற்றதெல்லாம் அதிலிருந்து வருபவை.

முதலில் நேரம். தைவானில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. தைபேயில் சனிக்கிழமை இரவு 9 மணி என்றால் கோடையில் பாஸ்டனில் காலை 9, குளிர்காலத்தில் காலை 8. பெர்லினில் மாலை 3 அல்லது பிற்பகல் 2. போன கூட்டத்தின் போஸ்டரை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். அதைவிடச் சிக்கலான நாட்களும் உண்டு. 2026இல் அமெரிக்கா மார்ச் 8ஆம் தேதி கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா 29ஆம் தேதிதான் மாற்றுகிறது. நடுவில் மூன்று வாரம் பாஸ்டனுக்கும் பெர்லினுக்கும் வித்தியாசம் ஆறு மணி நேரமல்ல, ஐந்துதான். அக்டோபர் கடைசியில் இதே கூத்து ஒரு வாரம் நடக்கும்.

சுருக்கெழுத்துகளை நம்பவே கூடாது. 'சி.எஸ்.டி.' என்று போட்டால் சிகாகோக்காரர் தன் ஊர் நேரம் என்று நினைப்பார். பல கணினிகளில் தைபே நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். குளிர்காலத்தில் இரண்டுக்கும் 14 மணி நேர இடைவெளி! ஊர் பேரை எழுதுங்கள்: தைபே இத்தனை மணி, பாஸ்டன் இத்தனை மணி, கிழமையோடு சேர்த்து. அத்துடன் நாட்காட்டியில் நேராகச் சேர்கிற லிங்க் ஒன்றும் கொடுங்கள்.

எல்லாக் கண்டத்துக்கும் ஒரே கூட்டம் நடத்தப் பார்ப்பதும் தவறுதான். தைபே இரவு 9 மணி அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் ஐரோப்பாவுக்கும் சரிப்படும், கலிபோர்னியாவில் அது விடியற்காலை. தைபே காலை 10 மணி என்றால் அமெரிக்கா முழுவதற்கும் முந்தைய நாள் மாலை, இரவு; ஐரோப்பா தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள், அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றையும் திருப்திப்படுத்தப் போனால் யாருமே விழிப்போடு இருக்க மாட்டார்கள்.

ஆண்டின் எந்த மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். தைவானின் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலுக்கு வருடாந்தர ஆய்வு நிதி விண்ணப்பங்கள் போவது டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில். அந்த வாரங்களில் அங்கே பேராசிரியர் யாரையாவது பேசக் கூப்பிட்டால், வருவார், ஆனால் மனம் விண்ணப்பத்தில் இருக்கும். சந்திரப் புத்தாண்டு வாரமும் வேண்டாம். ஆசிரியர் பணிகள் ஆகஸ்ட் 1 அல்லது பிப்ரவரி 1இல் தொடங்குவதால், அதற்குப் பல மாதம் முன்பே பேசினால்தான் கேட்பவருக்கு விண்ணப்பிக்க அவகாசம் இருக்கும். ஜூலையில் நடத்தும் 'உதவிப் பேராசிரியர் ஆவது எப்படி' கூட்டம் அந்த ஆகஸ்டுக்கு உதவாது.

இன்னொன்று, பேச்சாளரால் எந்தச் செயலியில் சேர முடியும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2020 ஏப்ரலில் தைவான் அமைச்சரவை அரசு அலுவலகங்கள் ஜூம் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. கல்வி அமைச்சும் பள்ளிகளில் ஜூம் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. அரசு அதிகாரியோ அரசு நிறுவன ஆய்வாளரோ அலுவலகக் கணினியிலிருந்து சேரப் போகிறார் என்றால், கூட்டம் தொடங்கும் நிமிடத்தில் இது தெரியவருவது எல்லோருக்கும் சங்கடம்.

சரி, இனி உள்ளடக்கம். இங்கேதான் அதிகமாகக் கோட்டை விடுகிறார்கள்.

வெற்றி பெற்ற ஒருவரைக் கூப்பிட்டு, பிறந்தது முதல் பேராசிரியர் ஆனது வரை வரிசையாகச் சொல்ல வைப்பது வழக்கமாகிவிட்டது. ஐம்பது நிமிடம் கதை, பத்து நிமிடம் கேள்வி. கேட்பவருக்கு அந்தக் கதை கிடைத்தாலும் முடிவெடுக்க ஒன்றும் கிடைப்பதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. ஆய்வகம் தொடங்கத் துறை எவ்வளவு கொடுத்தது? அறை காலியாகக் கிடைத்ததா, பழைய சாமான்களோடு கிடைத்ததா? முதல் முதுநிலை மாணவர் எப்போது சேர்ந்தார்? உதவிப் பேராசிரியருக்கு வாரம் 9 மணி நேரப் பாடம் என்பது அங்கே வழக்கமான அடிப்படை. புதியவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு, இவர் துறையில் எப்படி? பல பல்கலைக்கழகங்கள் ஆறு அல்லது எட்டு ஆண்டுக்குள் பதவி உயர்வு பெற வேண்டும் என்று கெடு வைத்திருக்கின்றன. அந்தக் கெடு மனிதரின் அன்றாடத்தை என்ன செய்கிறது? இப்படிப்பட்ட கேள்விகளைப் பேச்சாளருக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு, உரையை இருபது நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். ஒரு முடிவெட்டுக் கடைப் பேச்சு போல மீதி நேரம் ஓடட்டும். அதில்தான் உண்மையான தகவல் விழும்.

சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதை நாகரிகம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தைவானில் அரசுப் பல்கலைக்கழகச் சம்பளம் பொது விகிதப்படி வருவது, ரகசியமே இல்லை. பேச்சாளர் தன் எண்ணைச் சொல்ல வேண்டாம். விகிதம் என்ன, அதோடு ஆண்டு முடிவில் ஒன்றரை மாதச் சம்பளம் போனஸாக வரும், ஆகவே பன்னிரண்டால் அல்ல பதின்மூன்றரையால் பெருக்க வேண்டும் என்று சொன்னாலே போதும். கலிபோர்னியாவில் வாடகை கட்டிக்கொண்டிருப்பவர் அங்கேயே கணக்குப் போட்டுக்கொள்வார்.

திட்டங்களின் பெயர்களை ஸ்லைடில் அடுக்கிவிட்டு நகர்வதும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து அறிஞர்களை வரவழைக்கும் கல்வி அமைச்சின் யூஷான் திட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். 2018இல் தொடங்கியது, இளம் அறிஞர்களுக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் ஆண்டுக்கு 15 லட்சம் தைவான் டாலர் வரை கிடைக்கும். ஆனால் அதற்குத் தனிமனிதர் விண்ணப்பிக்க முடியாது, பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, தன்னை விரும்பும் ஒரு துறையைத் தேடுவது. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டால் கேட்டவர் அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்பப் படிவத்தைத் தேடித் தேடி அலுத்துப்போவார். பழைய ஸ்லைடுகளையும் சரிபாருங்கள். அறிவியல் தொழில்நுட்ப அமைச்சு 2022 ஜூலையில் கவுன்சிலாக மாறிவிட்டது. பழைய பெயரில் தேடினால் காலாவதியான அறிவிப்புகள்தான் கிடைக்கும். கடைசித் தேதி தைவானின் சொந்த ஆண்டுக் கணக்கில் 115 என்று இருந்தால் பக்கத்திலேயே 2026 என்று எழுதுங்கள். தைவானியருக்கு அந்தக் கணக்கு தெரியும். கூடவே உட்கார்ந்து கேட்கும் வெளிநாட்டு மனைவிக்கோ கணவருக்கோ தெரியாது, திரும்பும் முடிவு அவருடையதும்தான்.

காகித வேலையைப் பேசவே மாட்டார்கள். வெளிநாட்டுப் பட்டம் உள்ளவர் தைவானில் ஆசிரியராக வேண்டுமானால், சான்றிதழைப் படித்த பகுதிக்குரிய தைவான் பிரதிநிதி அலுவலகத்தில் சரிபார்த்து வாங்க வேண்டும். படித்த காலத்துக் குடிவரவுப் பதிவும் கேட்பார்கள். பாஸ்டனில் பட்டம் வாங்கிவிட்டு இப்போது மியூனிக்கில் இருப்பவருக்கு ஜெர்மனி அலுவலகத்தில் வேலை முடியாது, பாஸ்டன் அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன்பே செய்திருந்தால் சுலபம். இதை முன்கூட்டியே அறிந்தவர் குறைவு. இரண்டு ஆண்டுக்கு மேல் நாட்டில் இல்லாதவரின் குடும்பப் பதிவு (இந்த முகவரியில் வசிக்கிறார் என்ற அரசுப் பதிவு) நீக்கப்படும் என்பதும் பலருக்குத் திரும்பிய பிறகே உறைக்கிறது. இதற்கெல்லாம் ஒரு ஸ்லைடு, ஐந்து நிமிடம் போதும்.

ஆராய்ச்சி உரைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும்: தன் ஆய்வகக் கூட்டத்துக்குச் செய்த ஸ்லைடுகளை அப்படியே கொண்டுவராதீர்கள். உயிரியல்காரரும் குறைக்கடத்திப் பொறியாளரும் சமூகவியல் மாணவரும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள்.

கடைசியாக ரெக்கார்டிங். ஏழு மணி நேரத்துக்கு அப்பால் இருப்பவருக்குப் பதிவு பெரிய உதவிதான். ஆனால் வேலை தேடுவதைத் தன் பேராசிரியரிடம் இன்னும் சொல்லாதவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருப்பார்கள். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்கும்போது அவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். உரையை மட்டும் பதிவு செய்துவிட்டு, "இதோ நிறுத்திவிட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடங்குங்கள். பெயரில்லாமல் கேள்வி அனுப்ப ஒரு படிவத்தை முன்பே கொடுங்கள். பங்கேற்பவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளும் வசதியையும் திறந்து வைத்திருங்கள். கேள்விகளில் வந்த பதில்களைக் கேட்டவர் பெயர் எதுவும் இல்லாமல் ஒரு பக்கமாக எழுதி, பதிவோடு சேர்த்து அனுப்பிவிட்டால் வர முடியாதவர்களுக்கும் போய்ச் சேரும்.