வினிகரை எடுப்பதற்கு முன் கல்லைப் பாருங்கள்

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் போன வாரம் இறங்கி வந்தாள். "அக்கா, மேடையில வெள்ளைத் திட்டு ஒண்ணு போகவே மாட்டேங்குது. வினிகர் ஊத்தி மூணு நாளா தேய்க்கிறேன். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"தொடாதே, நான் வர்றேன்" என்று படியேறினேன். போய்ப் பார்த்தால், எட்டு வருடத்துக்கு முன் நான் செய்து வைத்த அதே வேலை, அதே இடத்தில்.

கண்ணில் தெறிக்கக் கூடாது, தண்ணீர் கலந்து பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடப்பா கல்லிலும் மொசைக்கிலும் வினிகர்

எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் போர் தண்ணீர்தான். குழாய் முனை, ஷவர், பக்கெட் விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். உப்புக் கறை என்கிறோம், ஆனால் அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் 4, 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். சுண்ணாம்பைக் கரைக்க அதுவே போதும். துணியை நனைத்துக் குழாயில் அரை மணி நேரம் சுற்றி வைத்தால் கறை இளகி வந்துவிடும். இதுவரை சரி.

ஆனால் கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான். மொசைக் தரையில் சிமெண்டுக்கு நடுவே பதித்திருப்பவை பளிங்குச் சில்லுகள், அதுவும் கால்சியம் கார்பனேட். குழாயில் ஒட்டியிருப்பதும் அடியில் மேடையாகப் போட்டிருப்பதும் ஒரே பொருள். வினிகர் இரண்டையும் கரைக்கும்.

நான் என்ன செய்தேன் என்றால், சிங்க் குழாயில் பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். இரவு முழுக்கச் சொட்டியிருக்கிறது. காலையில் குழாய் பளபளவென்று இருந்தது. அதன் அடியில், கறுப்புக் கடப்பா கல்லில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூத்தது போல ஒரு திட்டு. ஈரத்துணியால் துடைத்தேன், மறைந்தது. காய்ந்ததும் திரும்ப வந்தது. உப்புதான் இன்னும் போகவில்லை என்று நினைத்து மேலும் வினிகர் ஊற்றித் தேய்த்தேன். திட்டு இரண்டு மடங்கானது.

இந்தத் தவறில் எனக்கு இன்றும் ஆறாதது இந்த இடம்தான். அது கறையே இல்லை. கல்லின் மேல்பரப்பு அரிக்கப்பட்டு, பாலிஷ் போன இடம். நனைத்தால் கறுப்பாகவும் காய்ந்தால் வெளுப்பாகவும் தெரிந்தால், தேய்ப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கல்தான் போகும்.

கல் பாலிஷ் போடுகிறவரை அழைத்தேன். அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் தனியாகத் தெரியும் என்று மேடை முழுவதையும் தேய்த்தார். இரண்டு நாள் அடுப்பு வராந்தாவில். கூலி 3,500 ரூபாய், எல்லாம் ஒரு பாட்டில் வினிகரால் வந்தது. "இயற்கையானது, எங்கே வேண்டுமானாலும் ஊற்றலாம்" என்று யாராவது வீடியோவில் சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இயற்கையானதாக இருந்தாலும் அமிலம் அமிலம்தான். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் அதே தடத்தைப் பதிக்கும்.

உங்கள் வீட்டில் என்ன கல் என்று தெரியாவிட்டால், அடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுண்ணிய குமிழி எழுந்தாலோ, கழுவிக் காய்ந்த பிறகு அந்த இடம் மங்கியிருந்தாலோ, அந்தக் கல்லுக்கு வினிகர் ஆகாது. சோப்புத் தண்ணீரே போதும். குழாயை ஊறவைத்தாலும் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள்.

மாடி வீட்டுப் பெண்ணின் திட்டு சின்னதுதான். இப்போதைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். கறுப்பாகத் தெரியும், ஆனால் நாலு நாளில் வெளுத்துவிடும்.

ஆப்ப சோடாவோடு கலப்பது

நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். வெளியேறுவது கரியமில வாயு, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சோடாவால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் உப்புக் கறைக்கு வினிகர். கலந்து பாட்டிலில் மூடி மட்டும் வைக்காதீர்கள், வாயு அழுத்தத்தில் வெடிக்கும்.

பிளீச்சிங் பவுடரோடு

ஒருபோதும் வேண்டாம். குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் மூச்சு அடைக்கும்.

இரும்புத் தோசைக்கல்

பழக்கிய கல் வீணாகும்.

பித்தளையை ஊறப்போடுவது

புளி போட்டுத் தேய்த்த கை, வினிகரையும் அப்படித்தான் நினைக்கிறது. துணியில் தொட்டுத் தேய்த்து உடனே கழுவித் துடைத்தால் கெடுதல் இல்லை. பாத்திரத்தில் ஊற்றி ஊறப்போட்டால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மேலே தெரிய ஆரம்பிக்கும். என் தங்கை குத்துவிளக்கின் தட்டை ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்திருந்தாள். மஞ்சள் போய், தட்டு முழுக்க ரோஸ் நிறத்தில் திட்டுத்திட்டாக நின்றது.