தெருக்கோடி வீடுகளுக்குத் தண்ணீர் வராத சிக்கல் தீர்ந்த விதம் – என் அனுபவம்

தருமபுரியில் நான் செயலாளராக உள்ள குடியிருப்போர் நலச் சங்கத்தில், தெருக்கோடி வீடுகளுக்கு மட்டும் குடிநீர் திடீரெனச் சொட்டுச் சொட்டாகக் குறைந்துவிட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கச் சொல்லவும் வழியில்லை. பல இடங்களில் நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டும் மாவட்டம் இது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதும் அதற்காகவே.

யாரோ குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதாகச் சந்தேகித்து, விநியோக நேரத்தில் அனைவரையும் மோட்டாரை நிறுத்தச் சொன்னோம், மனக்கசப்புதான் மிஞ்சியது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். பார்வையிட வந்த பணியாளர், மேல்நிலைத் தொட்டி நிறைந்தே இருப்பதாகக் கூறிச் சென்றார்.

அதன்பின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடம் நிறைய ஆகும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வாங்கினோம். வீட்டுக்கு வீடு சிறிது சிறிதாகக் குறைய வேண்டிய வேகம், மளிகைக் கடைக்காரர் வீடு வரை சீராக இருந்து, அடுத்த வீட்டில் சட்டென்று விழுந்திருந்தது. ஆகவே தடை அந்த இரு வீடுகளுக்கு இடையில்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே குழாயைத் திறந்து மூடும் வால்வு இருக்கும் குழியின் மூடி எதுவும் தென்படவில்லை. கடப்பாரையால் தார்ச்சாலையைத் தட்டிக்கொண்டே நடந்தபோது, ஓரிடத்தில் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை எழுந்தது. சாலையைப் புதுப்பித்தவர்கள் மூடியின்மேலேயே தார் போட்டிருந்தனர்.

குறிப்பேட்டின் நகலை இணைத்து எழுதிக் கொடுத்ததும் பணியாளர்கள் தோண்டி, முக்கால் பங்கு மூடிக் கிடந்த வால்வைத் திறந்தனர். கடைசி வீட்டிலும் தண்ணீர் வேகமாக வந்தது, பெரும் நிம்மதி. மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தச் செய்து, அது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதை அருகிலுள்ள சுற்றுச்சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.